கிட்டார் ஆம்பில் பவர் வால்வு மாற்றி பயாஸ் வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆம்பின் கடைசி நிலையில் ஸ்பீக்கரை ஓட்டும் கண்ணாடிக் குழாய்தான் பவர் வால்வு (ட்யூப்). அதைக் கழற்றிப் புதிதை மாட்ட ஐந்து நிமிடம் போதும். பல்பு மாற்றுகிற வேலை மாதிரிதான் தெரியும். அதனாலேயே பலர் அதோடு நிறுத்திவிட்டு வாசிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். 12ஏஎக்ஸ்7 போன்ற, முன் நிலையில் இருக்கும் சிறிய ப்ரீஆம்ப் வால்வுகளுக்கு அது போதும். பவர் வால்வுக்குப் போதாது. ஒரே எண் அச்சடித்த இரண்டு வால்வுகள் ஒரே ஆம்பில் ஒரே அளவு மின்னோட்டத்தை இழுப்பதில்லை. ஒரு ஜோடி 28 மில்லிஆம்பியர் இழுத்த இடத்தில் அடுத்த ஜோடி 50 இழுக்கலாம். அந்த வித்தியாசத்தைச் சரிசெய்வதுதான் பயாஸ் வைப்பது.

நான் முதன்முதலாக வால்வு மாற்றியது ஒரு பழைய ஆம்பில். புது ஜோடியை மாட்டினேன், ஸ்டாண்ட்பையை (வால்வுகளுக்கு உயர் வோல்ட்டை விடும் ஸ்விட்ச்) வாசிக்கும் நிலைக்குத் திறந்தேன். அரை நிமிடத்துக்குள் ஒரு வால்வின் சாம்பல் நிறத் தகட்டின் நடுவில் சிவப்புப் படர ஆரம்பித்தது. பயாஸ் பாட்டுக்குள் (பயாஸைக் கூட்டிக் குறைக்கத் திருகும் பொட்டென்ஷியோமீட்டர்) தூசி அடைந்து, நடுமுனை தொடர்பில்லாமல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வால்வை மாட்டும் முன் சாக்கெட்டில் மீட்டரை வைத்து ஒரு அளவு எடுத்திருந்தால் அந்த ஜோடி பிழைத்திருக்கும். இந்த வழிகாட்டியில் நான் எதையாவது திரும்பத் திரும்பச் சொன்னால் அது அந்த ஒரு அளவைத்தான்.

பயாஸ் என்ன செய்கிறது

வால்வுக்குள் ஹீட்டரால் சூடாகி எலக்ட்ரான்களை உமிழ்வது கேத்தோடு. அவற்றை இழுப்பது, 400 அல்லது 450 வோல்ட்டில் இருக்கும் பிளேட். நடுவில் கன்ட்ரோல் கிரிட், அதற்கு அடுத்து ஸ்கிரீன் கிரிட். கன்ட்ரோல் கிரிட்டுக்கு மைனஸ் வோல்ட் கொடுக்கக் கொடுக்க எலக்ட்ரான்களின் வழி அடைபடும். தண்ணீர்க் குழாயைத் திருகி மூடுவதைப் போல. நீங்கள் எதுவும் வாசிக்காமல் ஆம்ப் சும்மா இருக்கும்போது குழாய் எந்த அளவு திறந்திருக்க வேண்டும் என்பதைத்தான் நாம் முடிவு செய்யப் போகிறோம்.

அதிகம் மூடினால் 'கோல்டு' பயாஸ். வால்வு நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ஒலி மெலிந்து, மெதுவாக வாசிக்கும் சுரங்களின் வாலில் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொள்ளும். ஒரு வால்வு அலையைக் கைவிடும் நொடிக்கும் மற்றது பிடிக்கும் நொடிக்கும் இடையில் விழும் இடைவெளி அது. அதிகம் திறந்தால் 'ஹாட்' பயாஸ். ஒலி தடிமனாக, இதமாக இருக்கும், ஆனால் வால்வு சீக்கிரம் தேயும். இன்னும் திறந்தால் பிளேட் சிவக்கும். அது வால்வை மட்டும் விடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

உங்கள் ஆம்ப் எந்த வகை

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்குரூடிரைவரை எடுக்காதீர்கள். ஆம்பின் சர்க்யூட் படம் கிடைத்தால் பவர் வால்வின் கேத்தோடைப் பாருங்கள், அதாவது ஆக்டல் (எட்டு இடமுள்ள அடிப்பாகம்) வால்வில் 8-ஆம் பின் (அடியில் நீட்டியிருக்கும் உலோகக் கால்). அது நேராக கிரவுண்டுக்குப் போனால், அல்லது 1 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போனால், ஃபிக்ஸட் பயாஸ். மைனஸ் வோல்ட்டைத் தனிச் சப்ளை ஒன்று தருகிறது. பெயர் குழப்பும்: 'ஃபிக்ஸட்' என்று சொல்லப்படும் இந்த வகையில்தான் நாம் திருகி வைக்க வேண்டியிருக்கும். கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் சில பத்து முதல் சில நூறு ஓம் வரையிலான ஒரு தடித்த ரெசிஸ்டரும் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டரும் இருந்தால் அது கேத்தோடு பயாஸ். வாக்ஸ் ஏசி30, ஃபெண்டர் சாம்ப் எல்லாம் இந்த வகை. இது தன்னைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும்.

ஃபிக்ஸட் பயாஸிலும் எல்லா ஆம்பிலும் திருகும் பாட் இருக்காது. மீசா பூகி ஆம்புகள் பலவற்றில் மைனஸ் வோல்ட் ஒரே அளவில் வைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பொருந்தும் வால்வைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். 1960-களின் கடைசியிலிருந்து வந்த ஃபெண்டர் சில்வர்ஃபேஸ் ஆம்புகள் சிலவற்றில் ஒரு பாட் இருக்கும், ஆனால் அது இரண்டு பக்க வால்வுகளுக்கும் இடையிலான சமநிலையைத்தான் மாற்றும். மொத்த அளவை மாற்றாது. அதைத் திருகிவிட்டு பயாஸ் வைத்தாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்.

மாற்ற வேண்டிய நேரமா

அடித்தொனி தளர்ந்து, ஒலி மங்கி, முன்பு கிடைத்த அழுத்தம் கிடைக்காமல் போவது தேய்மானத்தின் அடையாளம். புதிதாக ஹம் சத்தம் வருவதும், ஃபியூஸ் போவதும் கூட வால்வைச் சந்தேகிக்கக் காரணம். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளிப் பூச்சு பூசியது போல் இருக்கும் இடம் பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வை மாட்டிப் பார்க்கவே வேண்டாம். கண்ணாடியில் படர்ந்து தெரியும் நீல ஒளியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அது நல்ல வால்விலும் வரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஆம்பில் எந்த எண் இருந்ததோ அதே எண்ணை வாங்குங்கள். பின்னெழுத்துகளையும் படியுங்கள். 1936-இல் வந்த முதல் 6எல்6 பிளேட்டில் 19 வாட்தான் தாங்கும். 6எல்6ஜிசி 30 வாட் தாங்கும். பெயரில் இரண்டு எழுத்துதான் கூட, தாங்கும் திறனில் பதினொரு வாட் கூட.

இஎல்34-ஐயும் 6எல்6-ஐயும் மாற்றிப் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சாக்கெட்டில் இரண்டும் உட்காரும். ஆனால் இஎல்34-இன் ஹீட்டர் 1.5 ஆம்பியர் இழுக்கும், 6எல்6ஜிசி 0.9 ஆம்பியர்தான். நான்கு வால்வு என்றால் பவர் டிரான்ஸ்பார்மருக்கு 2.4 ஆம்பியர் கூடுதல் சுமை. இன்னொரு சிக்கல் 1-ஆம் பின். இஎல்34-க்கு அது சப்ரஸர் கிரிட், 8-ஆம் பின்னோடு சேர்ந்திருக்க வேண்டும். 6எல்6-க்கு அந்தப் பின் தேவைப்படாது என்பதால் பல ஃபெண்டர் ஆம்புகளில் கிரிட் ரெசிஸ்டரைக் கட்டும் இடமாக அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். வயரிங்கை மாற்றாமல் அங்கே இஎல்34 போடக் கூடாது.

ஜோடியாக, அளந்து பொருத்திய வால்வுகளை வாங்குவது நல்லது. வால்வுகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து மாறி மாறி வேலை செய்யும் புஷ்புல் ஆம்பில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாக இழுத்தால்தான் ஹம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நாலைந்து மில்லிஆம்பியர் வித்தியாசத்தை நான் பொருட்படுத்துவதில்லை. பத்துக்கு மேல் போனால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

திறக்கும் முன்: உயிர் சம்பந்தப்பட்ட பகுதி

ஆம்பின் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 முதல் 500 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே நிற்கலாம். சில ஆம்புகளில் சில நொடியில் வடிந்துவிடும், சிலவற்றில் மணிக்கணக்கில் இருக்கும். உங்கள் ஆம்ப் எந்த ரகம் என்று ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள்.

ஆம்பை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கை எடுத்துவிட்டு, ஸ்டாண்ட்பை ஸ்விட்சை வாசிக்கும் நிலையில் வையுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். சேசிஸை (சர்க்யூட் பொருத்தியிருக்கும் உலோகப் பெட்டி) வெளியே எடுத்ததும், மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை முதலைக் கிளிப்பால் சேசிஸில் மாட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் பெரிய கெப்பாசிட்டர்களின் பிளஸ் முனையை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஒற்றைக் கை என்பது பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் பழக்கம். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சின் குறுக்கே போக வழி கிடைத்துவிடும்.

வோல்ட் மிச்சமிருந்தால் 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் நன்றாக உறை போட்ட கிளிப் வயர் பற்றவைத்து, முதலில் ஒரு முனையை சேசிஸிலும் அப்புறம் மற்றதைக் கெப்பாசிட்டரின் பிளஸிலும் இருபது நொடி பிடியுங்கள். ஸ்குரூடிரைவரால் நேராக ஷார்ட் செய்வதைச் சிலர் பெருமையாகச் செய்வார்கள். அது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கையையும் சுடும். வடித்த பிறகு மறுபடியும் அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஆன் செய்து அணைத்த பிறகும் இதே சடங்கு முழுதாக நடக்க வேண்டும்.

இன்னொன்று: ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டக் கூடாது. சேசிஸ் மேசையில் இருந்தாலும் ஸ்பீக்கர் வயர் அதில் செருகியிருக்கட்டும், ஓம் அளவும் பொருந்தட்டும்.

உயர் வோல்ட்டோடு இதுவரை பழகாதவரென்றால், திறந்த சேசிஸில் வேலை செய்யாமல் பயாஸ் ப்ரோப் வாங்கிக்கொள்ளுங்கள். வால்வுக்கும் சாக்கெட்டுக்கும் இடையில் மாட்டும் சிறு அடாப்டர் அது. மின்னோட்டத்தையும் பல மாடல்களில் பிளேட் வோல்ட்டையும் வெளியிலிருந்தே காட்டும். பயாஸ் பாட் ஆம்பின் வெளிப்பக்கம் இருந்தால் சேசிஸைத் திறக்கவே வேண்டியதில்லை.

எந்த அளவை நோக்கிப் போகிறோம்

ஒவ்வொரு வால்வுக்கும் பிளேட்டில் தாங்கக்கூடிய வெப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. இஎல்34-க்கு 25 வாட், 6எல்6ஜிசி-க்கு 30, 6வி6ஜிடி-க்கும் இஎல்84-க்கும் 12 வாட். ஃபிக்ஸட் பயாஸ் ஆம்பில் சும்மா இருக்கும்போது இந்த எல்லையில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறை விதி. வாசிக்கும்போது வெப்பம் அதற்கு மேலும் ஏறும் என்பதால் அந்த மிச்சம் வேண்டும்.

கணக்கு எளிது. இஎல்34-க்கு 25 வாட்டில் 70 சதவீதம் 17.5 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால், 17.5-ஐ 450-ஆல் வகுக்க 38.9 மில்லிஆம்பியர். 6எல்6ஜிசி என்றால் 21 வாட், அதே 450 வோல்ட்டில் 46.7 மில்லிஆம்பியர். 400 வோல்ட்டில் ஓடும் 6வி6 என்றால் 8.4 வாட், அதாவது 21 மில்லிஆம்பியர். இது ஒரு வால்வுக்கான கணக்கு.

70 என்பது கூரை. அதைத் தொட்டே ஆக வேண்டும் என்றில்லை. 55-இல் தொடங்கி, காதால் கேட்டுக்கொண்டே ஏற்றி, 60-க்கும் 65-க்கும் நடுவில் நிறுத்துவது என் வழக்கம். அங்கே கரகரப்பு போயிருக்கும், வால்வும் நிம்மதியாக இருக்கும். 'எந்த ஆம்பாக இருந்தாலும் 35 மில்லிஆம்பியர்' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 400 வோல்ட்டில் நிம்மதியாக இருக்கும் ஒரு மின்னோட்டம் 480 வோல்ட்டில் அளவுக்கு மீறியதாகிவிடும்.

கழற்றுவதும் சரிபார்ப்பதும்

வால்வு நன்றாக ஆறியிருக்கட்டும். கண்ணாடியைப் பிடித்து இழுக்காமல் அடிப்பாகத்தைப் பிடித்து, லேசாக ஆட்டி ஆட்டி நேராக மேலே எடுங்கள். நடுவில் இருக்கும் வழிகாட்டிக் குச்சி உடைந்த வால்வைத் திரும்ப மாட்டக் கூடாது. தப்பான கோணத்தில் உட்கார்ந்தால் பிளேட் வோல்ட் வேறு ஏதாவது பின்னில் போய் விழும்.

வால்வு இல்லாத சாக்கெட்டை இப்போது பார்க்கலாம். ஆம்ப் வடிந்திருக்க, ஓம் மீட்டரால் ஸ்கிரீன் ரெசிஸ்டர்களை அளவிடுங்கள். 4-ஆம் பின்னில் கட்டியிருக்கும். ஃபெண்டர்களில் பொதுவாக 470 ஓம், மார்ஷல்களில் 1 கிலோஓம். பழைய வால்வு ஷார்ட் ஆகிச் செத்திருந்தால் இதுதான் முதலில் கருகியிருக்கும். சாக்கெட்டின் பிடி தளர்ந்திருந்தால் மெல்லிய ஊசியால் நெருக்கிவிடுங்கள். பின்களை எண்ணுவது எப்படி என்றால், வயரிங் பக்கத்திலிருந்து பார்க்கும்போது சாக்கெட்டின் பள்ளத்துக்கு அடுத்து 1-இல் தொடங்கி கடிகார முள் சுற்றும் திசையில் 8 வரை.

அப்புறம் அந்த முக்கியமான அளவு. பவர் வால்வுகள் இல்லாமலே, பயாஸ் பாட்டை எந்தப் பக்கம் திருப்பினால் மைனஸ் வோல்ட் கூடும் என்று பார்க்க வேண்டும். மீட்டரின் கறுப்பை சேசிஸிலும் சிவப்பை 5-ஆம் பின்னிலும் (கன்ட்ரோல் கிரிட்) கிளிப்பால் மாட்டிவிட்டு, ஸ்டாண்ட்பையை மூடி வைத்து, ஆம்பை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான ஆம்புகளில் ஸ்டாண்ட்பையிலேயே பயாஸ் சப்ளை வேலை செய்யும். இஎல்34 ஆம்பில் மைனஸ் 35, 40 என்றும், 6எல்6 ஆம்பில் மைனஸ் 45, 50 என்றும் ஏதாவது தெரிய வேண்டும். பாட்டை மெதுவாகக் கடைசி வரை திருகிப் பாருங்கள், எண் தடுமாறாமல் நகர வேண்டும். எங்காவது குதித்தாலோ பூஜ்ஜியத்துக்கு விழுந்தாலோ பாட் கெட்டிருக்கிறது. ஒவ்வொரு சாக்கெட்டிலும் இதைச் செய்யுங்கள். ஒரே ஒரு சாக்கெட்டில் மைனஸ் இல்லையென்றாலும் வால்வு மாட்டக் கூடாது.

எல்லாம் சரியென்றால் பாட்டை மைனஸ் மிக அதிகமாக இருக்கும் முனையில் விட்டுவிட்டு, அணைத்து, வடித்து, புது வால்வுகளை மாட்டுங்கள்.

அளந்து வைப்பது

மின்னோட்டத்தை அளக்க எனக்குப் பிடித்த வழி 1 ஓம் ரெசிஸ்டர். 8-ஆம் பின்னை கிரவுண்டிலிருந்து விடுவித்து, இடையில் ஒரு சதவீதத் துல்லியமுள்ள 1 ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிட்டால் (இஎல்34 என்றால் 1-ஆம் பின்னும் 8-உடன் சேர்ந்தே இருக்க வேண்டும்) அது நிரந்தரமாக அங்கேயே இருக்கலாம். அதன் குறுக்கே 1 மில்லிவோல்ட் தெரிந்தால் 1 மில்லிஆம்பியர் ஓடுகிறது. 36 மில்லிவோல்ட், 36 மில்லிஆம்பியர். உயர் வோல்ட் பக்கம் போகாமலே முடிந்துவிடுகிற அளவு இது. இதில் ஸ்கிரீன் மின்னோட்டமும் சில மில்லிஆம்பியர் சேர்ந்திருக்கும். நான் அதைக் கழிப்பதில்லை, பிழை பாதுகாப்பான பக்கம்தான் இருக்கிறது.

அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் ஓம் அளவை வைத்துக் கணக்கிடும் வழியும் உண்டு. அதில் மீட்டரின் இரண்டு முனையும் 450 வோல்ட்டில் இருக்கும். மில்லிஆம்பியர் மீட்டரையே டிரான்ஸ்பார்மரின் குறுக்கே நேராகப் போடும் வழியில் கை நழுவினால் மீட்டரும் போகும், இன்னும் பெரிதாகவும் ஏதாவது போகும். 1 ஓம் ரெசிஸ்டர் இருக்கும்போது இரண்டுமே தேவையில்லை என்பது என் கருத்து.

ஆம்ப் அணைந்திருக்கும்போதே ஒரு மீட்டரை 1 ஓமிலும், இருந்தால் இன்னொன்றை 3-ஆம் பின்னிலும் கிளிப்பால் மாட்டிவிடுங்கள். அது பிளேட், அங்கேதான் முழு வோல்ட்டும். ஆன் செய்தபின் அந்த வயர்களைத் தொடக் கூடாது. எல்லா வால்யூமையும் பூஜ்ஜியத்தில் வைத்து ஆன் செய்து, இரண்டு நிமிடம் சூடாகவிட்டு, ஸ்டாண்ட்பையைத் திறந்து, முதல் நிமிடம் முழுக்க வால்வுகள் மேலேயே கண் வையுங்கள். சிவந்தால் உடனே அணையுங்கள்.

இனிப் பொறுமையாகத் திருக வேண்டும், உறை போட்ட ஸ்குரூடிரைவரால், ஒற்றைக் கையால். மின்னோட்டம் கூடும்போது பிளேட் வோல்ட் இறங்கும். அதனால் ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் இரண்டையும் பார்த்துப் பெருக்க வேண்டும். உதாரணமாக, இஎல்34 ஆம்பில் தொடக்கத்தில் 460 வோல்ட், 30 மில்லிஆம்பியர் இருந்தால் 13.8 வாட், 55 சதவீதம். கொஞ்சம் ஏற்றியதும் 452 வோல்ட், 36 மில்லிஆம்பியர். 16.3 வாட், 65 சதவீதம். அங்கே நிறுத்தலாம். நான்கு வால்வு ஆம்பில் அதிகமாக இழுக்கும் வால்வை வைத்தே கணக்குப் போடுங்கள், சராசரியை வைத்து அல்ல.

இருபது நிமிடம் ஓடவிட்டு மறுபடியும் பாருங்கள். எண் கொஞ்சம் நகர்ந்திருக்கும். வால்யூமை மெதுவாகக் கூட்டும்போது, கிட்டாரே செருகாமல் மின்னோட்டம் திடீரென்று எகிறினால் ஆம்ப் ஆசிலேட் ஆகிறது, அதாவது உள்ளீடு இல்லாமலே தானாக அலையை உண்டாக்குகிறது. அதைச் சரிசெய்யாமல் பயாஸ் வைப்பதில் பயனில்லை.

கேத்தோடு பயாஸ் ஆம்பில்

இங்கே திருக எதுவும் இல்லை, ஆனாலும் அளந்து பார்க்க வேண்டும். கேத்தோடு ரெசிஸ்டரின் குறுக்கே இருக்கும் வோல்ட்டை அதன் ஓம் அளவால் வகுங்கள். இரண்டு இஎல்84 ஒரே 130 ஓம் ரெசிஸ்டரைப் பகிர்ந்துகொண்டு, அதில் 9.5 வோல்ட் இருந்தால், மொத்தம் 73 மில்லிஆம்பியர், ஒரு வால்வுக்கு 36.5. பிளேட் வோல்ட்டைச் சேசிஸிலிருந்து அளக்காமல் கேத்தோடிலிருந்து அளந்தால் சரியான எண் கிடைக்கும். அது 300 வோல்ட் என்றால் ஏறத்தாழ 11 வாட், 12 வாட் எல்லையில் 90 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்த வகைக்கு அது சாதாரணம். எல்லையைத் தாண்டினால் ரெசிஸ்டரின் ஓம் அளவைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். பழைய ரெசிஸ்டர்கள் சூட்டில் அளவு மாறியிருக்கும் என்பதால் அச்சடித்த எண்ணை நம்பாமல் அணைத்து வடித்தபின் மீட்டரால் அளவிடுங்கள்.

ஒரு வால்வு மட்டும் சிவந்தால்

அணைத்து, வடித்து, அந்த வால்வையும் பக்கத்து வால்வையும் இடம் மாற்றிப் போட்டு ஒருமுறை பாருங்கள். சிவப்பு வால்வோடு போனால் வால்வு கெட்டது, திருப்பிக் கொடுங்கள். சாக்கெட்டிலேயே நின்றால் கோளாறு ஆம்பில். 5-ஆம் பின்னுக்கு மைனஸ் வோல்ட் கொண்டுவரும் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம், சாக்கெட் பிடி விட்டிருக்கலாம், அல்லது முந்தைய நிலையிலிருந்து வரும் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்து, பிளஸ் வோல்ட்டைக் கிரிட்டுக்குள் விட்டு மைனஸை அழித்துக்கொண்டிருக்கலாம். பழைய ஆம்புகளில் இந்தக் கடைசிக் காரணத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். வால்வுகளைக் கழற்றிவிட்டு, ஸ்டாண்ட்பையைத் திறந்து, கவனமாக 5-ஆம் பின்னை அளந்தால் தெரிந்துவிடும்: மற்ற சாக்கெட்டைவிட மைனஸ் பல வோல்ட் குறைந்திருக்கும்.

எல்லா வால்வும் ஒன்றாகச் சூடேறினால் பயாஸ் சப்ளையைப் பாருங்கள். அதில் இருக்கும் சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பெரிய ஃபில்டர்களை மாற்றும்போது இவற்றையும் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஒன்று: இது மைனஸ் சப்ளை, இங்கே கெப்பாசிட்டரின் பிளஸ் முனைதான் கிரவுண்டுக்குப் போகும்.

வேலை முடிந்ததும் தேதி, வால்வின் எண், பிளேட் வோல்ட், ஒவ்வொரு சாக்கெட்டின் மில்லிஆம்பியர் இவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஆம்பின் உள்பக்க மரத்தில் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரமோ பத்து நாளோ வாசித்த பிறகு ஒருமுறை அளந்து, அதன் கீழே அந்த எண்களையும் எழுதுங்கள். புது வால்வுகள் முதல் சில மணி நேர வாசிப்பில்தான் அதிகம் நகரும்.